புன்னக்காயல்: கரிமணல் கரையில் ஒரு சவுக்குத் தோப்பு

பொதிகை மலையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் தண்ணீர் கொடுத்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர் புன்னக்காயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆத்தூரில் இறங்கிக் கிழக்கே திரும்ப வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு மண் வெளுக்கும், காற்றில் உப்பு ஏறும், உப்பளங்கள் தெரியும். கடைசியில் தேவாலயக் கோபுரம், கரையேற்றிய படகுகள், அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா.

பழைய ஊர் இது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் முத்துக்காக இங்கே கோட்டை கட்டி இருந்தார்கள். அதற்கும் முன்னால் பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை, இன்று கடலை விட்டு விலகி வயலுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான் கடலைத் தள்ளிவிட்டது. மலையை அரைத்துக் கரையில் கொட்டுவது இந்த ஆற்றின் வேலை. அந்த மணலைப் பற்றித்தான் இப்போது ஒரு பயம் கிளம்பியிருக்கிறது.

பாதி விலைக்குக் கேட்ட சவுக்கு

ஆத்தூருக்கும் புன்னக்காயலுக்கும் இடையே பெரியவர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் சவுக்கு இருக்கிறது. 2022 கடைசியில் நட்டது. ஒரு வயதுக் கன்றாக இருந்தபோது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தைப் பார்த்த தோப்பு. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. தண்ணீர் வடிந்தபோது தோப்புக்குள் அரை அடிக்கு மணல் படிந்திருந்தது. மணலில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள்.

மரங்கள் பிழைத்துக்கொண்டன. வெட்டுக்கு வரும் நேரத்தில் தாழ்வான மூலையில் நுனி காய ஆரம்பித்தது. முதலில் நாலைந்து மரம், பிறகு முப்பது, நாற்பது. விலை பேச வந்த வியாபாரி தோப்பைச் சுற்றிவிட்டுச் சொன்னது பெரியவர் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "இது கரிமணல் கதிர்வீச்சு அண்ணாச்சி. ரஷ்யாவுல அணு உலை வெடிச்சப்ப பைன் மரமெல்லாம் இப்படித்தான் கருகிச்சாம். ஆலையில இந்த மரத்தை எடுக்கமாட்டாங்க. பாதி விலைக்குன்னா நான் எடுத்துக்கிடுதேன். நாளைக்குச் சொல்லுங்க."

மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. விலை போனால் கூடப் பரவாயில்லை, அந்த மண்ணில் விளைந்த கீரையைப் பேரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் அக்காள் மகனுக்குப் போன் போனது. அவர் மறுநாள் காலையே பஸ் ஏறி வந்தார். வந்தவர் தோப்புக்குப் போகவில்லை. "முதல்ல கடற்கரைக்குப் போவோம் மாமா. மணல் எங்க இருந்து வருதோ அங்க பாத்துட்டு வருவோம்" என்றார்.

மூன்று நிற மணல்

கழிமுகத்தில் அலை பின்வாங்கும்போது கூர்ந்து பார்த்தால் மணல் ஒரே நிறமாக இருக்காது. வெள்ளை, கறுப்பு, கருஞ்சிவப்பு என்று பட்டை பட்டையாகத் தெரியும். வெள்ளை மணி குவார்ட்ஸ். எடை குறைந்தது, அலை அதை எளிதில் இழுத்துக்கொண்டு போய்விடும். கறுப்பு மணி இல்மனைட், சிவப்பு மணி கார்னெட். இவை எடை கூடியவை. உமியையும் நெல்லையும் முறம் பிரிப்பதுபோல, அலையே லேசானதைத் தள்ளிக் கனத்ததைக் கரையில் சேர்க்கிறது.

பெரியவர் ஒரு பிடி கறுப்பு மணலை அள்ளி, உடனே உதறிவிட்டார். "இதுதானல அந்த விஷம்?"

"இல்ல மாமா. கறுப்பா இருக்கிறது இல்மனைட். பெயின்டுக்கு வெள்ளை நிறம் குடுக்கிற டைட்டானியம் அதுல இருந்துதான் எடுக்காங்க. அதுல கதிர்வீச்சு இல்ல. கதிர்வீச்சு உள்ளது மோனசைட்னு இன்னொன்னு. அது தேன் நிறத்துல இருக்கும். இந்தக் கூட்டத்துக்குள்ள கொஞ்சமாக் கலந்து கிடக்கும்."

தென்கோடிக் கடற்கரை முழுவதும் இந்தக் கலப்பு உண்டு. ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறா, நீண்டகரைக் கரைகளிலும் மிக அதிகம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டை அடையாளம் கண்டார். மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. அதுதான் கதிர்வீச்சுக்குக் காரணம். ஆக, வியாபாரி சொன்னதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நூலைக் கயிறாகத் திரித்துவிட்டார். எவ்வளவு திரித்தார் என்பது தெரிய வேண்டுமானால், பைன் மரங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

சிவந்துபோன காடு

1986 ஏப்ரல் 26 அன்று, அப்போது சோவியத் நாட்டிலும் இப்போது உக்ரைனிலும் உள்ள செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-ஆவது உலை வெடித்தது. காற்று கொண்டுபோன கதிரியக்கத் தூசு முதலில் இறங்கியது பக்கத்திலிருந்த பைன் காட்டின் மேல். சில வாரங்களில் பச்சைக் காடு செங்கல் நிறமானது. இன்றுவரை அதற்குப் 'சிவப்புக் காடு' என்றே பெயர்.

மரங்கள் வாங்கிய கதிர்வீச்சை 'கிரே' என்ற அளவால் கணக்கிட்டார்கள். மனிதருக்கு ஒரே வீச்சில் 4, 5 கிரே கிடைத்தால், சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் பிழைக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய அளவு அது. செர்னோபில் பைன் காட்டில் 80 முதல் 100 கிரே வரை விழுந்த 4.4 சதுர கிலோமீட்டரில் மரங்கள் அடியோடு செத்தன. 10 முதல் 20 கிரே விழுந்த 12.5 சதுர கிலோமீட்டரில் பாதி மரங்கள் போல அழிந்தன, மற்றவற்றில் நுனிகள் கருகின. 4, 5 கிரே விழுந்த இடங்களில் மரம் சாகவில்லை. வளர்ச்சி குன்றியது, உருவம் கோணியது. செத்த மரங்களை இயந்திரங்களால் தள்ளி, குழி வெட்டிப் புதைத்தார்கள்.

பிழைத்த பைன்களில் தெரிந்த மாற்றம் நம் விவசாயிகளுக்கு எளிதில் புரியும். துவரையில் நுனி கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும் அல்லவா? பைன் மரம் அப்படி வளராது. ஒரே தண்டாக, நட்ட கொடிக்கம்பம் போல மேலே போவது அதன் இயல்பு. நுனி மொட்டிலுள்ள செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பிரியும் செல்லைத்தான் கதிர்வீச்சு முதலில் அடிக்கும். நுனி மொட்டு செத்ததும் பக்க மொட்டுகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு எழுந்தன. நெடுமரமாக வேண்டியது புதர்போல ஆனது. ஊசியிலைகள் சிலவற்றில் குட்டையாக, சிலவற்றில் அளவுக்கு மீறி நீளமாக, முறுக்கிக்கொண்டு வந்தன. பிற்பாடு மரத்தை அறுத்துப் பார்த்தவர்கள், 1986-க்குப் பிந்திய ஆண்டு வளையங்கள் மெலிந்திருப்பதைக் கண்டார்கள்.

ஜப்பானில் 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. அங்கேயும் ஊசியிலை மரங்களான ஃபிர், செம்பைன் ஆகியவற்றில் இதே அடையாளம் தெரிந்தது. ஃபிர் மரங்களை எண்ணிப் பார்த்தபோது, கதிர்வீச்சு மிகக் கூடிய இடத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் நுனித்தண்டு கெட்டிருந்தது. கதிர்வீச்சு குறையக் குறைய இந்த எண்ணிக்கையும் குறைந்தது. தொலைவில் பாதிக்கப்படாத பகுதியில் பத்தில் ஒன்றுக்கும் கீழே.

பைனுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

செர்னோபிலில் அதே தூசு விழுந்த பிர்ச் மரங்கள் பலவும் பிழைத்துக்கொண்டன. பைன் செத்த இடத்தில் இன்று பிர்ச் நிற்கிறது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் 1961-ல் ஓக்கும் பைனும் கலந்த காட்டுக்கு நடுவே ஒரு கதிரியக்கப் பொருளை நிறுத்திப் பார்த்தபோதும் முதலில் போனது பைன்தான். ஓக் அதைவிடத் தாங்கியது, தரையோடு கிடக்கும் கோரை இன்னும் தாங்கியது.

முதல் காரணம் செல்லுக்குள் இருக்கிறது. பைன் மரத்தின் மரபணுத் தொகுதி மனிதருடையதைப் போல ஏழு மடங்கு பெரியது. குறி பெரிதானால் கல் எறிபவனுக்குத் தப்பாது. இரண்டாவது, ஊசியிலை மரங்கள் இலையை வருடா வருடம் மொத்தமாக உதிர்ப்பதில்லை. அடர்ந்த இலைக்கூட்டத்தில் விழுந்த தூசு நெடுநாள் அங்கேயே தங்கும். மூன்றாவது, ஏப்ரல் கடைசி அந்த நாட்டில் மொட்டு வெடிக்கும் பருவம். பூக்கும் நேரத்தில் புயல் வந்ததுபோல.

மலையில் ஒன்று, கரையில் ஒன்று

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. சவுக்கு ஊசியிலை மரமே இல்லை. பார்க்க அப்படி இருக்கும், அவ்வளவுதான். ஊசி என்று நாம் நினைப்பது பச்சை நிறத்து மெல்லிய கிளை. கையில் எடுத்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். அந்தக் கணுவில் பல் பல்லாகத் தெரிவதுதான் நிஜமான இலை. காய் பைன் காய்போல இருந்தாலும், சவுக்கு பூத்துக் காய்க்கும் மர வகை. வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரை வைத்துக்கொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதும் அதன் தனிக்குணம்.

நிஜமான ஊசியிலைக் குடும்பத்து மரம் இந்த ஆற்றின் மறுமுனையில் நிற்கிறது. தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலைக் காடுகளில் 'நகேயா வல்லிச்சியானா' என்ற மரம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான ஒரே ஊசியிலை இன மரம் அதுதான். ஆனால் அதன் இலை ஊசியாக இருக்காது, அகன்று பளபளப்பாக இருக்கும். கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

ஆகவே, பைனுக்கு நடந்ததை அப்படியே சவுக்குக்குப் பொருத்துவது முதல் தப்பு. அளவைப் பார்க்காமல் பேசுவது அதைவிடப் பெரிய தப்பு.

கருநாகப்பள்ளி சொல்லும் கணக்கு

மோனசைட் மிக அதிகமாகக் கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லி கிரே வரை இயற்கைக் கதிர்வீச்சு இருக்கிறது. ஆயிரம் மில்லி கிரே சேர்ந்தால் ஒரு கிரே. அந்த உச்ச அளவிலேயே ஒரு மரம் நின்றால்கூட, செர்னோபிலில் பைனை வளர்ச்சி குன்றவைத்த 4 கிரே அளவைத் தொட 57 ஆண்டு ஆகும். கொன்ற அளவைத் தொட ஆயிரம் ஆண்டுக்கு மேல். இப்படிச் சொட்டுச் சொட்டாக விழும்போது, செல் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கிறது. அந்தக் கரையில் தென்னை செழித்துத்தான் நிற்கிறது. அங்கே வாழும் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை.

இன்னொன்று. செர்னோபிலில் பரவிய சீசியம் தண்ணீரில் கரையும், வேர் உறிஞ்சும். மோனசைட்டிலுள்ள தோரியம் கல்லுக்குள் பூட்டிவைத்ததுபோல இருக்கிறது. சாதாரண மண்ணில் அது எளிதில் கரையாது. வேர் வழியாகப் பயிருக்குள் ஏறுவது மிக மிகக் குறைவு.

பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டார். "அப்ப என் மரம் ஏன் காயுது?"

"வாங்க மாமா, அதை இப்பப் பாப்போம்."

கையில் ஒட்டிய கறுப்பு

தோப்பில் நுனி காய்ந்த மரங்கள் எல்லாம் தாழ்வான மூலையில்தான் நின்றன. மேட்டில் நின்றவை பச்சையாக இருந்தன. அதே வெள்ள மணல் மேட்டிலும் படிந்திருந்தது. மணல்தான் காரணம் என்றால் மேடும் பள்ளமும் ஒன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மருமகன் காய்ந்த மரம் ஒன்றின் அடிப்பட்டையைத் தடவினார். பட்டை கொப்புளம்போல உப்பி வெடித்திருந்தது. வெடிப்புக்குள் விரலை விட்டார். கரிப்பொடி போல ஒட்டிக்கொண்டு வந்தது.

"கரிமணல்!" என்றார் பெரியவர்.

"மணல் நறநறன்னு இருக்கும் மாமா. இதைத் தேய்ச்சுப் பாருங்க."

மாவுபோல வழுக்கியது. அது பூசணத்தின் வித்துத்தூள். சவுக்கில் வரும் கொப்புளப் பட்டை நோய். தண்ணீர் தேங்கி வேர் நலிந்த இடத்தில் உள்ளே நுழைந்து, வேருக்கு வேர் பரவுகிறது. நோய் பிடித்த மரம் நுனியிலிருந்து காய்ந்து இறங்கும்.

அன்று மத்தியானமே வேலை தொடங்கியது. காய்ந்த மரங்களை வேரோடு எடுத்து ஓரமாகப் போட்டு எரிக்க முடிவானது. நோய் மூலைக்கும் நல்ல மரங்களுக்கும் நடுவே, வேர் தொடாதபடி இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். அதே வாய்க்கால் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடும். சாயங்காலம் வியாபாரி வந்தபோது பெரியவர் பட்டையை உரித்து அவர் உள்ளங்கையில் பொடியைத் தேய்த்தார். "இது பூசணம் அண்ணாச்சி. மேட்டு மரம் ஆயிரத்துக்கும் மேல நல்லா நிக்கி. அன்னைக்குச் சொன்ன முழு விலைன்னா பேசுவோம்." வியாபாரி ஆலையில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் பாதி விலைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

புன்னக்காயலிலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 2013 முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரையில் மக்கள் எழுப்பிய கேள்விகள் இந்தக் கரை முழுவதற்கும் சொந்தம். கடற்கரை மணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013-ல் தடை போட்டதும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். மணல்மேடு போனால் உப்புக்காற்றும் கடல்நீரும் வயலுக்குள் வரும். அது கண்ணுக்கு முன்னால் நடக்கக்கூடிய சேதம். இந்தக் கேள்விகளைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வாடிய நுனிக்கும் கதிர்வீச்சின் பெயரை வைத்தால், நிஜமான நோய் கைக்குத் தப்பிவிடும், பாதி விலைக்காரர்களுக்கு லாபமாகிவிடும்.

கதிர்வீச்சால் மரம் கெட்டால் அது ஒரு தோப்பின் ஒரு மூலையில் நிற்காது. பரந்த பரப்பில், ஒரே பருவத்தில், ஒரே வயது வளர்ச்சியில் நுனி போகும். ஊசியிலை மரங்கள் முன்னால் விழும், புல் கடைசியில் விழும். காரணம் தெரிந்த ஒரு விபத்தும் அதற்கு முன்னால் நடந்திருக்கும். புன்னக்காயல் சவுக்குகளில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை.

ஆற்றுமுகத்தில் அலை இன்றைக்கும் முறம் புடைக்கிறது. மறுநாள் காலை பெரியவர் வீட்டில் தோட்டத்துக் கீரைதான் குழம்பு.

வாசகர் கேள்விகள்

வெள்ளத்தில் கரிமணல் படிந்த வயலை என்ன செய்வது?

அங்கே உண்மையான குறை கதிர்வீச்சு இல்லை. மணலில் ஈரமும் சத்தும் நிற்காது. முடிந்தவரை மேல் மணலை வழித்து எடுக்கவும். மீதிக்குக் குளத்துக் கரம்பை அடித்து, சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். மண் பரிசோதனை செய்த பிறகே உரம் இடவும்.

சவுக்கில் நுனி காய்ந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கடல் பக்கம் மட்டும் கருகியிருந்தால் உப்புக்காற்று. பட்டையில் மரத்தூளும் கூடும் நூலாம்படையுமாக இருந்தால் பட்டை தின்னும் புழு. பட்டை உப்பி வெடித்துக் கரிப்பொடி வந்தால் கொப்புளப் பட்டை நோய். பள்ளத்தில் மட்டும் என்றால் முதலில் வடிகால் வெட்டவும்.

கதிரியக்கத் தூசு விழுந்த நிலத்தில் மறுபடி விவசாயம் செய்ய முடியுமா?

ஃபுகுஷிமா பகுதியில் செய்கிறார்கள். மேல்மண்ணை வழித்து அகற்றினார்கள். நெல் வயலில் சாம்பல் சத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். சீசியமும் சாம்பல் சத்தும் வேருக்கு ஒரேபோலத் தெரியும். சாம்பல் சத்து போதுமான அளவு இருந்தால் பயிர் சீசியத்தை எடுப்பது வெகுவாகக் குறைகிறது. சூரியகாந்தி நட்டுச் சீசியத்தை உறிஞ்சிவிடலாம் என்று பார்த்ததில் பெரிய பலன் கிடைக்கவில்லை.